எவரெஸ்டா, அன்னபூர்ணாவா? வானிலை கெட்டால் எந்த அடிவார முகாம்

நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் 5,364 மீட்டரிலும் அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டரிலும் இருப்பதால், நடைப்பயணம் போக இரண்டையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் உயரத்தில் தொடங்கி, செலவையும் நாள் கணக்கையும் சொல்லி, மலைக்காட்சியில் முடித்துவிடுகிறார்கள். வானம் தெளிந்திருக்கும் வாரத்துக்கு அது போதும். மேகம் மூடி, மழையோ பனியோ கொட்டும் வாரத்தில் பார்க்கவேண்டியது, வானிலை நம்மை எந்த இடத்தில் மறிக்கும், அங்கே பத்திரமாகக் காத்திருக்க முடியுமா என்பதைத்தான்.

எவரெஸ்ட் வழியில் தடை வாசலிலேயே வந்துவிடுகிறது. பெரும்பாலோர் நடையைத் தொடங்கும் லுக்லாவின் ஓடுதளம் 527 மீட்டர் நீளமே கொண்டது. ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்தே இறக்கவேண்டிய இடம் என்பதால், காத்மாண்டுவில் வெயில் அடித்தாலும் லுக்லாவில் மேகம் இறங்கியிருந்தால் விமானம் கிளம்பாது. கூட்டம் மிகுந்த மாதங்களில் பல விமானங்கள் ராமேச்சாப் மாவட்டத்து மந்தலியிலிருந்து புறப்படுவதால், நள்ளிரவில் எழுந்து நான்கைந்து மணி நேரம் வண்டியில் குலுங்கிப் போய்ச் சேர்ந்த பிறகு ரத்து என்ற அறிவிப்பைக் கேட்கவேண்டி வருவது தனிக் கொடுமை. திரும்பும்போதும் இதே நிலைதான். 2011 நவம்பரில் நாள்கணக்கில் விமானம் இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் லுக்லாவில் சிக்கிக்கொண்டார்கள். விமானத்தை நம்ப விரும்பாதவர்கள் ஜீப்பில் சல்லேரிப் பக்கம் போய் அங்கிருந்து நடக்கலாம், ஆனால் கூடுதலாகச் சில நாட்கள் கையில் இருக்கவேண்டும்.

அன்னபூர்ணாவுக்கு விமானமே தேவையில்லை. பொக்காராவிலிருந்து ஜினு டாண்டா கிராமத்தை நெருங்கும் வரை ஜீப் போகிறது; மண்சரிவு சாலையை மறித்தாலும் இறங்கி நடந்து, அப்பால் நிற்கும் வேறு ஜீப்பைப் பிடித்துக்கொள்ள வழியுண்டு. ஆனால் நேபாளத்திலேயே மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் ஒன்றான, ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை காணும் லும்லே, இதே மலைச்சரிவில்தான் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சோம்ரோங்கின் கற்படிகள் வழுக்கும், மூங்கில் காட்டில் அட்டைகள் காலுறைக்குள் புகுந்துவிடும், மாற்றுத்துணி உலரவே உலராது. இவை எரிச்சலூட்டுபவை, பயணத்தை நிறுத்துபவை அல்ல.

மேலே போனபின் நிலைமை தலைகீழாகிறது. எவரெஸ்ட் வழி செல்லும் கும்புப் பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்கு வருவதற்குள் மழைமேகம் பெரும்பாலும் கொட்டித் தீர்த்துவிடுவதால், அங்குள்ள லோபுசே அருகே, கீழே பெய்வதில் ஒரு சிறு பங்கே பெய்கிறது. பள்ளத்தாக்கும் அகலமானது. 3,440 மீட்டரிலுள்ள நாம்சேயிலோ 4,410 மீட்டரிலுள்ள டிங்போசேயிலோ ஒரு நாள் முடங்கிக் கிடந்தால், உயரத்துக்கு உடல் பழகுவதற்கு எப்படியும் தேவைப்படும் ஓய்வுநாளாகவே அது கழியும். ஆனால் மேகம் சூழ்ந்த நாளில் ஒருவருக்கு உயர மலைநோய் முற்றினால் ஹெலிகாப்டர் வராது. நடத்தியோ தூக்கியோதான் கீழே இறக்கவேண்டும். கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதி அளவு ஆக்சிஜனே உள்ள இடத்திலிருந்து ஃபெரிச்சே மருத்துவ நிலையம் வரை இறங்குவது நீண்ட வழி.

அன்னபூர்ணா வழியின் உண்மையான ஆபத்து, ஹிங்கு குகைக்கும் மச்சாபுச்சரே முகாமுக்கும் இடைப்பட்ட இடுக்கமான பள்ளத்தாக்கில் இருக்கிறது. ஹியுன்சுலி சிகரத்தின் மேற்சரிவுகளில் குவியும் பனி, பாதையில் நடப்பவர் கண்ணுக்கே தெரியாது. கீழே மழை பெய்துகொண்டிருக்கும்போது மேலே அது கனத்துக்கொண்டிருக்கும். 2020 ஜனவரியில் டெவுராலி அருகே விழுந்த பனிச்சரிவு, தென்கொரியர் நால்வரையும் நேபாளியர் மூவரையும் பலிகொண்டது. வசந்தகாலத்தில்கூட, பழைய சரிவு விட்டுச்சென்ற அழுக்குப் பனிமேடுகளில் படி வெட்டித்தான் பாதையைக் கடக்கவேண்டியிருக்கும், அடியில் ஓடை பனியைக் குடைந்துகொண்டிருக்கும் சத்தமும் கேட்கும். வெயில் ஏறுமுன் விடியற்காலையிலேயே கடந்துவிடும்படி உள்ளூர் வழிகாட்டிகள் அவசரப்படுத்துவது இதனால்தான்.

இரண்டுக்கும் பொதுவான ஓர் ஆபத்து நம் கடலிலிருந்தே வருகிறது. மலையேற்றத்துக்கு மிகவும் உகந்தவை என்று சொல்லப்படும் அக்டோபர், நவம்பர் மாதங்கள்தான் வங்கக்கடலின் புயல் மாதங்களும். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரைகடந்த ஹுட்ஹுட் புயலின் மிச்சம் அன்னபூர்ணாப் பகுதியில் பனிப்புயலாகி, தொரோங் கணவாய் உள்ளிட்ட இடங்களில் 40-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நேபாளம் கிளம்புமுன் சென்னை வானிலை மையத்தின் புயல் அறிவிப்பையும் பார்த்துவைப்பது வீண்வேலை அல்ல.

மழைக்காலத்தில், விடுப்பும் குறைவாக உள்ளவருக்கு நான் அன்னபூர்ணாவையே சொல்வேன். ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் புதுப்பனி கனமாக விழுந்திருந்தால், குளிர் கடுமையாக இருந்தாலும் எவரெஸ்ட் வழியே மேல். உபரி நாட்களை எங்கே வைப்பது என்பதும் வழிக்கு வழி மாறும். எவரெஸ்டுக்கு அவற்றைப் பயணத்தின் கடைசியில், காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். அன்னபூர்ணாவுக்கோ பயணத்தின் நடுவில், பனிச்சரிவுப் பகுதிக்குக் கீழேயுள்ள டோபானிலோ பாம்பூ (Bamboo) என்ற ஊரிலோ உட்கார்ந்து பனி இறுகும்வரை காத்திருக்கும்படி வைக்கவேண்டும்.