‘ஒரிஜினல்’ என்று சொல்லி வேறு திரையை மாட்டினார்கள்: போன் ஸ்கிரீன் மாற்றுகிறவர்கள் கவனிக்கவும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வீட்டிலிருந்தே சேலை விற்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் உள்ள அக்காமார்கள் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். என் போனில் நிறம் தப்பினால் வியாபாரமே தப்பிவிடும்.

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போது என் ஐபோன் 12 விழுந்து திரை உடைந்தது. டவுனில் ஒரு கடைக்காரர், “ஒரிஜினல்தான் தங்கச்சி” என்று சொல்லி 420 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். ரசீதில் ‘எல்சிடி’ என்று மட்டும் எழுதியிருந்தது. இங்கே எந்தத் திரையையும் எல்சிடி என்றுதானே சொல்கிறோம், எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அதற்கப்புறம் எடுத்த படமெல்லாம் நீலம் பாய்ந்த மாதிரி தெரிந்தது. நானும் கையில் இருக்கும் சேலையோடு ஒத்துப்போகும்வரை மஞ்சளைக் கூட்டிக் கூட்டி அனுப்பினேன். மயில் கழுத்துச் சேலை வாங்கிய ஓர் அக்கா மறுநாளே அழைத்தார். “நான் பார்த்தது பச்சை தங்கச்சி, வந்தது நீலமா இருக்கே!” ஒரே வாரத்தில் நான்கு சேலைகள் திரும்பி வந்தன.

கடையில் போய்க் கேட்டால், “ஐபோனில் ஒரு மாதிரி, ஆண்ட்ராய்டில் ஒரு மாதிரிதான் தெரியும்” என்றார். இது பாதி உண்மை, அதனால்தான் ஆளை ஏமாற்றுகிறது. சாம்சங்கில் திரை முறையை ‘விவிட்’ என்று போட்டிருந்தால் நிறம் தூக்கலாகத் தெரியும், சரி. ஆனால் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலுமே நிற மேலாண்மை இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அது 2017இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்தே உண்டு. படத்தோடு வரும் நிறக்குறிப்பைப் படித்து, திரைக்கு ஏற்றபடி மாற்றிக் காட்டுவதுதான் அதன் வேலை. திரையே வேறாக இருந்தால் அந்தக் கணக்கு எப்படிச் சரியாக வரும்?

தம்பியின் சாம்சங்கை ‘நேச்சுரல்’ முறைக்கு மாற்றி, நிறம் திருத்தாத படம் ஒன்றை இரண்டு போனிலும் திறந்து, வாசல் வெளிச்சத்தில் சேலை பக்கத்தில் வைத்தேன். சாம்சங் கிட்டத்தட்ட ஒத்துப்போனது, என்னுடையதில் நீலம் ஏறியிருந்தது. இரவில் விளக்கை அணைத்துவிட்டு முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்தேன். ஐபோன் 12க்கு உரியது ஓஎல்இடி திரை. கறுப்பு இருக்கும் இடத்தில் அதன் புள்ளிகள் அணைந்தே போகும். என் திரையோ விளிம்பு வரை சாம்பலாக ஒளிர்ந்தது, பின்விளக்கு உள்ள மலிவு எல்சிடி. செட்டிங்ஸில் ஜெனரல், அதில் அபௌட் போய்ப் பார்த்தால் திரைக்கு நேரே ‘அன்னோன் பார்ட்’, அதாவது அடையாளம் தெரியாத பாகம் என்று இருந்தது. சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தைச் சரிசெய்யும் ட்ரூ டோனும் காணவில்லை.

இந்தச் சோதனைகளைக் கடையிலேயே, காசு கொடுப்பதற்கு முன் செய்துவிடுங்கள். ரசீதில் ‘ஓஎல்இடி, ஒரிஜினல்’ என்று எழுதி வாங்குங்கள்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி மனு போட்டிருக்கிறேன். 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம்.

அந்த நாள்களில் என்னிடம் வாங்கிய சேலையில் நிறம் மாறியிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள் அக்கா, மாற்றித் தருகிறேன்.