பனம்பழத்துக்கு மாதம் 75,000 ரூபாய்

அல்சூர் ஏரிக்கரையில் நடக்கும்போது நண்பர் கேட்டார்: "அரசுத் தொடர்புக்கென்று டெல்லியில் ஒரு நிறுவனத்தை வைத்திருக்கிறீர்களே, பிரயோஜனம் உண்டா? நாங்களும் எடுக்கலாமா?" இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகப் பணம் கட்டுகிறேன். சட்டென்று பதில் வரவில்லை.

எங்களுடையது பள்ளி வாகனம் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குக் காட்டும் செயலி. 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 18 வயது நிரம்பாதவர்களைப் பின்தொடரக் கூடாது என்கிறது அதன் 9ஆம் பிரிவு. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை. எங்கள் பிழைப்பே பின்தொடர்வதுதான். அந்த நடுக்கத்தில் டெல்லி நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் போட்ட கையெழுத்து இது; எங்களுக்காக அரசிடம் பேசுவது அவர்கள் வேலை.

2025 ஜனவரி 3 அன்று அந்தச் சட்டத்துக்கான வரைவு விதிகள் வெளியாயின. பள்ளிக்காகப் பிள்ளைகளை ஏற்றிச் செல்பவர்கள், பயண நேரத்தில் பாதுகாப்பு கருதி அவர்களின் இருப்பிடத்தைக் கவனிக்கலாம் என்று நான்காம் அட்டவணையில் விலக்கு இருந்தது. ஒரு மணி நேரத்தில் டெல்லி நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல்: "நமது தொடர் முயற்சியின் பலன்." கூடவே மத்தாப்புப் படம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா, காக்கைதான் கொத்தித் தள்ளியதா? இன்றுவரை எனக்குத் தெரியாது. பள்ளி வாகனம் யாருக்கும் தோன்றக்கூடிய விஷயம்தானே. வரைவுக்கு வரும் கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமும் சொல்லிவிட்டது. அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், எந்த மசோதாவுக்காக யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று இப்படி அரசிடம் பேசித்தரும் லாபி நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும். இங்கே சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. எங்கள் நிறுவனம் அனுப்பும் மாத அறிக்கையோ பன்னிரண்டு பக்கம். பத்து பக்கம் நான் காலைக் காபியோடு படித்த செய்திகள். மீதியில் "உரியவர்களுடன் பேச்சு நடந்துவருகிறது" என்று இருக்கும். யார் அந்த உரியவர்கள் என்றால், சிரிப்பார்கள்.

ஆனால் அந்த நிறுவனத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். அரசுப் பணியில் ஓய்வுபெற்றவர், டெல்லி ராமகிருஷ்ணபுரத்தில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் தமிழர். பிப்ரவரியில், அமைச்சகம் இருக்கும் லோதி சாலை எலெக்ட்ரானிக்ஸ் நிகேதனுக்கு என்னை அழைத்துப் போனார். நுழைவுச் சீட்டுக்கு நாற்பது நிமிடம் காத்திருந்தோம். காகிதக் கோப்பைத் தேநீரை முழங்காலருகே வைத்துவிட்டு, வரைவை எடுத்துப் பென்சிலால் ஒரு வரியைத் தட்டினார். "தம்பி, இந்த விலக்கு பள்ளிக்கும், பள்ளி அமர்த்திய வாகனக்காரருக்கும். நீங்கள் இரண்டும் இல்லையே?"

அந்த வரியை இருபது முறையாவது படித்திருப்பேன்.

"பள்ளிக்காகத் தரவைக் கையாளுபவர் என்று உங்கள் ஒப்பந்தத்தை மாற்றி எழுதுங்கள்" என்றார். எங்கள் பதினான்கு பக்க மனுவையும் அங்கேயே வெட்டினார்; இணையதளத்தில் விதிவாரியாகத்தான் கருத்து கேட்டிருந்தார்கள், எங்கள் முன்னுரையை யார் படிப்பார்கள்? உள்ளே நடந்த சந்திப்பு எட்டு நிமிடம். அதில் என்ன பேசினோம் என்பதே மறந்துவிட்டது. பள்ளி ஒப்பந்தங்களை மட்டும் அந்த மாதமே மாற்றிவிட்டோம்.

நவம்பரில் இறுதி விதிகள் வந்தபோது விலக்கு அப்படியே இருந்தது. மறுபடி மின்னஞ்சல், அதே மத்தாப்பு. அடுத்த வாரம் கட்டணத்தை 15 சதவீதம் உயர்த்திக் கடிதம்.

நண்பரிடம் எடுக்கவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஒப்பந்தத்தைப் போன வாரம்தான் புதுப்பித்தேன். மாத அறிக்கை அனுப்பத் தேவையில்லை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.