மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள்: அழுதவரிடம் விளக்கம் கேட்கலாமா?

எங்கள் தியானக் குழுவில் ஒரு வகுப்புக்கான கட்டணத்தை 400 ரூபாயிலிருந்து 250 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டதும் என்னுடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தி, "அக்கா, நீங்கள் மூன்று வருடமாகப் போகிறீர்களே, நானும் சேரட்டுமா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா இறந்து நாற்பது நாள்தான் ஆகிறது. சேர் என்றோ வேண்டாம் என்றோ ஒரே சொல்லில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இடம் நாகர்கோவிலில் கோட்டாறு பக்கம் ஒரு மாடிக்கூடம். ஞாயிறு காலை 6 மணி. ஒரு வாரம் ஆன்மிக குரு ஓஷோ 1970இல் அறிமுகப்படுத்திய டைனமிக் தியானம், அடுத்த வாரம் ஜிப்பரிஷ், அதாவது பொருளில்லாத மொழியில் வாய்க்கு வந்ததைப் பேசும் உளறல் பயிற்சி. மாதத்தில் ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டு உடல் போகும் வழியில் அசைவது. டைனமிக் தியானத்தில் பத்து நிமிடம் ஒழுங்கற்ற வேகமூச்சு, பத்து நிமிடம் கத்தலும் அழுகையும், பத்து நிமிடம் கையைத் தூக்கிக் குதித்தபடி "ஹூ" என்ற ஒலி, பதினைந்து நிமிடம் அசையாமல் நிற்பது, பதினைந்து நிமிடம் ஆட்டம் என்ற கணக்கை எங்கள் குழு ஒருநாளும் பிசகவிட்டதில்லை. அந்த ஒழுங்குக்காக அவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

நான் போன காரணத்தைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. 2021 மே மாதம் என் அப்பா கொரோனாவில் போனார். உடலைச் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள், முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மயானத்துக்கு நான்கு பேர் போனார்கள். வீட்டுக்கு யாரும் வரவில்லை. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்குள் நுழையும் பெண் நேராகப் போய் உட்கார்ந்திருப்பவளின் தோளைக் கட்டிக்கொள்வாள். இரண்டு தலையும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு ஆடும். ஒப்பாரி அங்கிருந்துதான் கிளம்பும். அந்தத் தோள் எனக்குக் கிடைக்கவில்லை. பதினான்கு மாதம் நான் அழவே இல்லை. பள்ளிக்குப் போனேன், பாடம் நடத்தினேன், விடைத்தாள் திருத்தினேன். இரவில் தாடை மட்டும் இறுகிக்கொள்ளும், காலையில் பல் வலிக்கும். பல் மருத்துவர்தான் முதலில் கேட்டார்: "டீச்சர், தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்களா?"

2022 ஜூலையில் சேர்ந்தேன். மூன்றாவது உளறல் வகுப்பு. நாள் முழுவதும் பிள்ளைகளுக்குத் தமிழ் இலக்கணம் சொல்லிக்கொடுக்கும் வாய்க்கு, எழுவாயும் பயனிலையும் இல்லாமல் பேசலாம் என்பதே பெரிய விடுதலையாக இருந்தது. என்னென்னவோ ஒலிகள் வந்தன. நடுவில் அந்த ஒலிகள் தாமாகவே ஒரு இழுவையில் விழுந்தன. வரி முடிவில் நீண்டு, மூச்சு முட்டி, மறுபடி ஏறும் இழுவை. என் ஆச்சி ஒப்பாரி சொல்லும்போது இழுக்கும் அதே இழுவை! சிறுமியாக இருந்தபோது திண்ணையில் நின்று கேட்டது. ஆச்சியின் சொற்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ஆனால் அந்த இழுவை என் தொண்டைக்குள் முப்பத்தைந்து வருடம் பத்திரமாக இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் அப்பாவுக்காக அழுதேன். பாயில் சுருண்டு, மூக்கு ஒழுக, ஒரு மிருகம் போல அழுதேன். எழுந்தபோது தாடை தளர்ந்திருந்தது. அன்றிரவு பல்லைக் கடிக்கவில்லை.

இந்த ஒரு அனுபவத்துக்காகவே அந்த மாடிக்கூடத்துக்கு நான் ஆயுள் முழுக்கக் கடன்பட்டிருக்கிறேன். அசையாமல் நிற்கும் பதினைந்து நிமிடமும் அப்படித்தான். ஆனி, ஆடி மாதங்களில் மேலே தகரக் கூரையில் மழை விழும்; ஐப்பசியில் மறுபடியும் விழும். இரண்டு பருவமழையும் பெறும் மாவட்டத்தில் இருப்பதன் அருமை, கையைத் தூக்கியபடி உறைந்து நின்று அந்த மழையைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. சில நாள் மழையில்லாமல் தேவாலய மணி மட்டும் கேட்கும். தோள் கடுக்கும், வியர்வை முதுகில் இறங்கும். உள்ளே ஒரு அசைவும் இருக்காது.

இனி குறையைச் சொல்கிறேன். ஒரே குறைதான். மூன்று வருடமாக அது என்னை விடவில்லை.

பயிற்சி முடிந்ததும் வட்டமாக உட்கார வைக்கிறார்கள். ஒரு சங்கு கைமாறும். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவர் மூன்று நிமிடம் பேச வேண்டும். "உங்களுக்கு என்ன நடந்தது? என்ன உணர்ந்தீர்கள்?" இதற்குப் பகிர்தல் வட்டம் என்று பெயர். நான் அப்பாவுக்காக அழுத அன்றும் பத்து நிமிடத்தில் சங்கு என் மடிக்கு வந்துவிட்டது. மூக்கைச் சிந்திவிட்டு, கொரோனாவில் அப்பா போனதையும் ஒப்பாரி இல்லாமல் போனதையும் ஒழுங்காக, வரிசையாகச் சொன்னேன். எல்லாரும் தலையசைத்தார்கள். சொல்லி முடிக்கும்போது அது வேறு யாருக்கோ நடந்த கதையாகிவிட்டிருந்தது. சற்று முன்பு தொண்டையில் சூடாக இருந்த ஒன்றை நானே கரும்பலகையில் எழுதி அழித்துவிட்டது போல இருந்தது. பஸ்ஸில் வீடு திரும்பும்போது கோபம் கோபமாக வந்தது.

அதைவிட மோசமான விளைவு பிறகு வந்தது. ஆறு மாதம் போனதும் ஒரு நாள், பயிற்சியின் நடுவில், கண்ணை மூடிக்கொண்டு, வட்டத்தில் என்ன சொல்லலாம் என்று மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். என்னையே பிடித்துக்கொண்டபோது அவமானமாக இருந்தது. சொல் பின்னால் காத்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் உடல் அதற்கு ஏற்றபடி நடிக்கத் தொடங்கிவிடுகிறது. அழுதவர்களின் பேச்சுக்கு வட்டத்தில் அதிகம் தலையசைப்பு கிடைக்கிறது. அடுத்த வாரம் அதிகம் பேர் அழுகிறார்கள். இது யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை, அமைப்பிலேயே இருக்கும் ஓட்டை. சொல்லில்லாத பயிற்சி என்று அழைத்துவிட்டு, கடைசியில் சொல்லையே நீதிபதியாக உட்கார வைப்பது என்ன நியாயம்?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் நான்கு வாரம் வந்தார். கடல் தொழில் செய்தவர். உளறல் வகுப்பில் மற்றவர்கள் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருக்க, அவர் எழுந்து நின்று இரண்டு கையையும் வாயோரம் குவித்து, தொலைவில் நிற்கும் வள்ளத்தைக் கூப்பிடுவது போல ஒரே ஒலியைத் திரும்பத் திரும்ப எழுப்பினார். கூப்பிட்டுவிட்டுக் காதைத் திருப்பிக் காத்திருப்பார். மறுபடி கூப்பிடுவார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் கடற்கரையில் உடலே திரும்பி வராமல் துக்கம் காத்த வீடுகள் எத்தனையோ. அவர் யாரைக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமையும் எனக்கில்லை. வட்டத்தில் சங்கு அவரிடம் போனது. பேசவில்லை. நடத்துபவர் கனிவாகத்தான் கேட்டார், "ஐயா, யாரைக் கூப்பிட்டீர்கள்?" பெரியவர் சங்கைத் தரையில் வைத்தார், துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், படியிறங்கிப் போனார். அதன்பின் வரவில்லை. அந்தப் படியின் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது.

நம் ஊரில் இதெல்லாம் தெரியாதவர்களா இருக்கிறோம்? கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு வேகமெடுத்து, சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும்போது கோமரத்தாடி, அதாவது சாமியாடுபவர், ஆடுகிறார். கமுகம்பூவைக் கையில் கொடுக்கிறோம். ஆடி முடித்து விழுந்தால் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுக்கிறோம். மறுநாள் அவர் வழக்கம்போல வயலுக்கோ கடைக்கோ போகிறார். "நேற்று என்ன உணர்ந்தாய்?" என்று யாரும் அவர் கையைப் பிடித்து நிறுத்துவதில்லை. சாவு வீட்டில் ஒப்பாரி ஓய்ந்ததும் ஒருத்தி எழுந்து போய்ப் பால் சேர்க்காத கட்டன்காப்பி போட்டு வருவாள். அவ்வளவுதான். கட்டன்காப்பி வருகிற நேரம் எதற்கு என்று அந்தப் பெண்களுக்குத் தெரியும்.

நியாயமாகப் பார்த்தால், அழுததைச் சொல்லவும் வேண்டும் என்கிற எதிர்த்தரப்புக்கும் வலுவான வாதம் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் என் மாணவிகளின் முகத்தில் விழிக்க முடியாது. வெறுமனே கொட்டித் தீர்த்தால் மனம் சுத்தமாகும் என்ற நம்பிக்கை ஆய்வுகளில் நிற்கவில்லை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் 600 மாணவர்களை வைத்துச் சோதித்தார். தம்மைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கே குறைவாக இருந்தது. இதைப் படித்த பிறகு நான் தலையணையை அடிக்கும் பகுதியில் கலந்துகொள்வதை நிறுத்திவிட்டேன். குழுப் பயிற்சிகள் உச்சத்தில் இருந்த காலத்தில் மனநல மருத்துவர் இர்வின் யாலம் உள்ளிட்ட மூவர் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 1973இல் வெளிவந்தது. உணர்ச்சியை வெளியே விடுவது மட்டும் போதாது, நடந்ததன் பொருளை ஓரளவு விளங்கிக்கொண்டவர்களுக்கே பயன் நிலைத்தது என்பது அதன் சாரம். உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1986இல் மாணவர்களைத் தினமும் 15 நிமிடம், தொடர்ந்து நான்கு நாள், தம் வாழ்வின் பெருந்துயரை எழுதச் சொன்னார். நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது.

ஆக, சொல்லும் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பென்னபேக்கரின் மாணவர்கள் தனி அறையில் உட்கார்ந்து காகிதத்தில் எழுதினார்கள். பதினெட்டுப் பேர் நடுவில், வியர்வை காய்வதற்குள், சங்கைப் பிடித்துக்கொண்டு பேசவில்லை. இதைத்தான் நான் நடத்துபவர்களிடம் மூன்று வருடமாகச் சொல்லிவருகிறேன். பேச விரும்பாதவர் சங்கை அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம் என்று 2023இல் விதியை மாற்றினார்கள். நன்றி சொன்னேன். நான்கு மாதத்தில் "நீங்கள் ஏன் மூடிக்கொண்டிருக்கிறீர்கள்?" என்ற கேள்வி வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது. இப்போது கட்டணக் குறைப்போடு வட்டத்தின் நேரத்தையும் அரை மணியிலிருந்து ஒரு மணியாக்கியிருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அதுதான் பிடிக்கிறதாம். புதிய நேரப் பட்டியலைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உடல் சார்ந்த ஒரு எச்சரிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் வேகமூச்சின்போது என் விரல்கள் மடங்கி விறைத்துக்கொண்டன, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. பழைய துக்கம் கைவழியே வெளியேறுகிறது என்றார்கள். மருத்துவர் வேறு விதமாக விளக்கினார். தேவைக்கு மேல் மூச்சு விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறையும், அதனால் நரம்பும் தசையும் முறுக்கிக்கொள்ளும், தலையும் சுற்றும். வேகத்தைக் குறைத்தால் தானே சரியாகிவிடும். அப்படித்தான் சரியானது. இதயக் கோளாறு, உயர் இரத்த அழுத்தம், வலிப்பு, கண் அழுத்த நோய் இருப்பவர்களும், கருவுற்றிருப்பவர்களும், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. முழங்கால் வலி இருந்தால் "ஹூ" பகுதியில் குதிக்காமல் நின்றுகொண்டே செய்யலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

நான் கண்டுபிடித்த வழி இதுதான். வட்டம் தொடங்கும்போது எழுந்து, கீழே படிக்கட்டில் உட்கார்ந்து, ஒரு நாற்பது பக்க நோட்டில் 15 நிமிடம் எழுதுகிறேன். சில நாள் அதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்து, எதிரில் கடை திறப்பவர் ஷட்டரைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிறகு டீ குடித்துவிட்டு பஸ் பிடிக்கிறேன். மூன்று வருடத்தில் ஏழு நோட்டு நிரம்பியிருக்கிறது. யாரும் படித்ததில்லை.

சேரட்டுமா என்று கேட்டவளுக்கு என் பதில்: இப்போது சேராதே. உன் அம்மா போய் நாற்பது நாள்தான் ஆகிறது. உனக்கு வீடு நிறையப் பெண்கள் வந்தார்கள், உன் தோளைக் கட்டிக்கொள்ள ஆள் இருந்தது, நீ அடித்தொண்டையில் அழுததை நானே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அந்தத் துக்கத்தை ஒரு மணி நேர வட்டத்தின் நடுவில் வைத்து யாருக்கும் விளக்க வேண்டாம். நாலு மாதம் கழித்தும் தாடை இறுகினால் என்னிடம் சொல். இந்த ஞாயிறு உளறல் வகுப்பு. நான் போகிறேன், அடுத்த ஆறு மாதத்துக்கும் நேற்றுப் பணம் கட்டிவிட்டேன். ஏழரை மணிக்குப் படிக்கட்டில் இருப்பேன். டீ குடிக்க மட்டும் வருவதானால் வா.