பாகூர் ஏரிக்கரைப் பக்கத்து அரவை மில்

சொர்ணவாரிப் பட்டத்தில் (சித்திரை விதைப்பு) விளைந்த ஏடிடி 43 ரக நெல், மொத்தம் பத்து மூட்டை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மில்லில் ஒரு மூட்டை அரைத்துப் பார்த்தேன். 75 கிலோ நெல்லுக்கு முழு அரிசி 36 கிலோதான், மிச்ச அரிசியெல்லாம் நொய். நவரைப் பட்டத்தில் (மார்கழி விதைப்பு) இதே ரகம் 44 கிலோ கொடுத்தது. கேட்டால், "ஈர நெல்லு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். ஐந்து நாள் களத்தில் கிளறிக் காயவைத்தவளுக்கு அது எப்படி இருக்கும்!

மீதி ஒன்பது மூட்டையையும் இந்த மில்லுக்கு ஏற்றி வந்தேன். மில்காரர் முதலில் ஈரமானியை வைத்தார். "13.5 தான் டீச்சர், காய்ச்சல் சரியாத்தான் இருக்கு." ஒரு பிடி நெல்லை உமி நீக்கி போன் விளக்கின் மேல் பரப்பினார். பாதி அரிசிக்கு வயிற்றில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை. "பால் கட்டுறப்ப ராப்புழுக்கம் அதிகமா?" என்றார். ஜூலை முதல் வாரம் கதிர் வந்தது. அந்த இரவுகளில் மொட்டைமாடியில்கூடத் தூங்க முடியவில்லை.

தாவரவியல் நடத்தியவள் என்பதால் அவர் கேட்டதுமே பிடிபட்டது. பால் கட்டும் நாட்களில் சூடு ஏறினால், மாவுச்சத்தைக் கட்டுகிற மரபணுக்களின் வேலை குறைகிறது. அமைலோஸ் என்ற மாவுச்சத்து வகைக்கான வேக்ஸி மரபணு அதில் ஒன்று. அதே நேரம், முளைக்கும்போது மாவை உடைக்க வேண்டிய ஆல்ஃபா அமைலேஸ் மரபணுக்கள் முன்கூட்டியே விழித்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் கட்டுவது குறைய, இன்னொரு பக்கம் கரைகிறது. மாவுத் துகள்கள் நெருங்கி அடையாமல் இடையில் காற்று நிற்கிறது. வெள்ளையாகத் தெரிவது அந்த இடைவெளிதான். உருளை அழுத்தினால் அங்கேதான் முறியும். காய்ச்சலிலும் குறையில்லை, உருளையிலும் குறையில்லை. வயலிலேயே நெல் அடிபட்டிருக்கிறது.

"பச்சையா அரைக்காதீங்க, புழுக்கிடலாம்" என்றார். ஊறவைத்து ஆவி காட்டினால் மாவு இளகி அந்த இடைவெளி மூடிக்கொள்ளும், வெள்ளையும் மறையும். மூட்டைக்கு 43 கிலோ முழு அரிசி வந்தது. சோறும் குழையவில்லை. அப்படியே அரைத்துக் கூலியை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம், அவர் செய்யவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

குறை என்றால், காத்திருக்க நிழல் இல்லை, தூசி அதிகம். புழுக்க வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், தொட்டி காலியாக இருக்காது. தவிட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.