கணையத்தில் ஒளிந்த கட்டி: டோட்டாடேட்டா, எக்ஸெண்டினா?

திருமங்கலம் பக்கம் மல்லிகை பறிக்க விடியுமுன் வெறும் வயிற்றோடு தோட்டத்தில் இறங்கியவர் வியர்த்துப் பேச்சுக் குழறி விழுந்து, கருப்பட்டிக் காபி உள்ளே போனதும் தெளிந்து எழுந்தால், அதை வலிப்பு என்று நினைத்துவிடுவது எளிது. இன்சுலினைக் கட்டுப்பாடின்றிச் சுரக்கும் கணையக் கட்டியான இன்சுலினோமாவும் இப்படித்தான் தன்னைக் காட்டும். கட்டி இருக்கிறது என்பதை 72 மணி நேரப் பட்டினிச் சோதனையும் ரத்தப் பரிசோதனையும் உறுதிசெய்த பிறகே, அது எங்கே இருக்கிறது என்று ஸ்கேனைக் கேட்க வேண்டும்.

பெரும்பாலான இன்சுலினோமாக்கள் 2 செ.மீ.க்கும் சிறியவை என்பதால் சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் சில தப்பிவிடுகின்றன. கதிரியக்க மருந்தை ஊசியில் செலுத்திப் படமெடுக்கும் அணு மருத்துவத்தில் முதலில் வந்த இண்டியம்-111 ஆக்ட்ரியோடைட் ஸ்கேன் இரண்டு நாள் இழுக்கும், படமும் மங்கல். இன்று அதற்காக அலைய வேண்டியதில்லை.

உண்மையான போட்டி காலியம்-68 என்ற கதிரியக்கத் தனிமம் ஏற்றிய டோட்டாடேட், எக்ஸெண்டின் என்ற இரண்டு மருந்துகளுக்கு இடையில்தான். டோட்டாடேட், செல்களின் மேல் சோமாடோஸ்டாடின் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகளில் ஒட்டும். காஸ்ட்ரின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டியான காஸ்ட்ரினோமாவையும் கல்லீரலுக்குப் பரவிய கட்டிகளையும் காட்டுவதில் அதற்கே முதலிடம். தீங்கற்ற இன்சுலினோமாவிலோ அந்த ஏற்பிகள் பெரும்பாலும் குறைவு. அங்கே நிறைந்திருப்பவை ஜி.எல்.பி-1 என்ற குடல் ஹார்மோனின் ஏற்பிகள்; எக்ஸெண்டின் அவற்றையே தேடிப் பிடிக்கிறது. பரவும் வகை இன்சுலினோமாவில் நிலைமை பல நேரங்களில் தலைகீழாகிவிடும் என்பதால், எக்ஸெண்டினில் ஒன்றும் தெரியாதபோது டோட்டாடேட்டை நாட வேண்டியிருக்கும்.

எக்ஸெண்டின் இன்சுலின் சுரப்பைத் தூண்டக்கூடியது. அதனால் ஊசி போடும்போது குளுக்கோஸ் டிரிப் கையருகே இருக்க வேண்டும். காலியம்-68 ஒவ்வொரு 68 நிமிடத்திலும் பாதியாகக் குறைவதால், சென்னையில் தயாரித்து 450 கிலோமீட்டருக்கு மேல் கடந்து மதுரைக்குக் கொண்டுவர வழியில்லை. காலியம்-68ஐ எடுக்கும் கருவியான ஜெனரேட்டர் உள்ள இடத்துக்கு நோயாளிதான் போக வேண்டும். பாண்டியன் எக்ஸ்பிரஸில் இரவுப் பயணம் என்றால், தலைமாட்டில் குளுக்கோஸும் பக்கத்தில் விழித்திருக்க ஒருவரும் தேவை.

வாய்வழியே குழாய் செலுத்திக் கணையத்தைப் பார்க்கும் எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்டில் கட்டி தெளிவாகத் தெரிந்துவிட்டால் இந்த அலைச்சல் வேண்டாம். தெரியாவிட்டால், சிறிய ஒற்றைக் கட்டிக்கு நான் எக்ஸெண்டினையே தேர்ந்தெடுப்பேன். ஏனெனில் கட்டியை மட்டும் அகற்றலாமா, கணையத்தின் வாலையே வெட்ட வேண்டுமா என்பதை அதன் இடமே தீர்மானிக்கிறது. அதிலும் ஒரு கண்ணி உண்டு: சிறுநீரகங்கள் எக்ஸெண்டினைப் பெருமளவு உறிஞ்சி ஒளிர்வதால், வால்பகுதிக் கட்டி இடது சிறுநீரகத்தின் வெளிச்சத்தில் மறைந்துபோகலாம். வால்பகுதியில் சந்தேகம் இருந்தால் அந்தப் படத்தை மட்டும் நம்பி அறுவை அரங்குக்குள் நுழையக் கூடாது.