மழையில் ராகி அறுப்பு: அரிவாளா, வண்டியா?

பெங்களூரை ஒட்டிய ஆனேக்கல் தாலுகாவில் என் மாமனாருக்கு இரண்டரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மேட்டில் ஒன்றரை, பள்ளத்தில் ஒன்று. நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவன். விவசாயி என்று சொல்லிக்கொள்ளத் தகுதியில்லை. ஆனாலும் ராகி அறுப்பு வந்தால் லீவு போட்டுவிட்டு அங்கேதான் கிடப்பேன். 2024 அறுப்பில், முன்கூட்டி யோசித்துச் செய்யாமலேயே, எங்களுக்கு ஒரு நல்ல பரீட்சை அமைந்துவிட்டது. மேட்டு நிலத்தை ஆள் விட்டு அறுத்து, கதிரோடு கட்டுக் கட்டி அடுக்கிப் போர் போட்டோம். பள்ளத்து நிலத்தை மழை விட்டபின் வண்டி விட்டு அறுத்தோம். இரண்டிலும் ஜி.பி.யு. 28 என்ற ராகி ரகம்தான், ஜூலைக் கடைசியில் ஒரே வாரத்தில் விதைத்தது. வண்டி என்று நான் சொல்வது, அறுத்துக் கதிரையும் அடித்துத் தரும் கம்பைன் ஹார்வெஸ்டரை. எங்கள் பக்கம் எல்லோருக்கும் அது வெறும் வண்டிதான்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வானம் மூடியிருக்கும் சீசனில், மூன்று ஏக்கருக்குள் ராகி வைத்திருப்பவர் என்னிடம் கேட்டால், அரிவாளும் போரும்தான் என்பேன். ஆனால் கீழே சொல்லப்போகிற ஒரு விஷயத்தில் அரிவாளும் எங்களைக் கவிழ்த்திருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

வேகத்தைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. வண்டி ஒரு ஏக்கரை ஒரு மணி நேரத்தில் முடிக்கும். ஆட்களுக்கு எங்கள் மேட்டு ஒன்றரை ஏக்கருக்கு இரண்டு நாள். ஆள் கிடைப்பதும் குதிரைக்கொம்புதான். பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் கம்பெனிகளுக்கும் கார்மென்ட்ஸுக்கும் வேன் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. வெயிலில் குனிந்து அறுக்க யார் வருவார்கள்? எங்களுக்கு வந்த ஆறு பேரும் ஐம்பது வயதைத் தாண்டிய அக்காக்கள். அவர்களுக்குப் பிறகு அரிவாள் பிடிக்க ஆள் இருக்குமா என்பது வேறு கவலை.

காசுக் கணக்கிலும் வண்டிதான் மேல் போலத் தெரியும். மேட்டு நிலத்துக்கு அறுப்புக் கூலி, கட்டுக் கட்டிப் போர் போட்ட கூலி, ஜனவரியில் மிஷின் வைத்து அடித்த செலவு எல்லாம் சேர்த்து 15,600 ரூபாய் ஆனது. ஏக்கருக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். பள்ளத்து ஏக்கருக்கு வண்டி வாடகை மணிக்கு 3,200. சாதாரணமாக ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் மழையில் பயிர் படுத்துவிட்டதால் இரண்டு மணி நேரம் ஓடியது. ஆக 6,400. எப்படிப் பார்த்தாலும் கூலியைவிடக் குறைவுதான். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் என் மச்சான் இன்றும் வண்டிக் கட்சி.

அவரிடம் நான் சண்டை பிடிப்பது ஒரே ஒரு விஷயத்துக்காக. அது ஈரம்.

ராகி எந்த நேரத்தில் பழுக்கிறது என்று பாருங்கள். ஜூலையில் விதைத்தால் நவம்பர் கடைசி. பெங்களூரைச் சுற்றியுள்ள நாட்டில் பருவமழை பெரும்பாலும் அடங்கிவிட்ட நேரம் அது. ஆனால் வங்கக் கடலில் புயல் கிளம்புவதும் அதே நேரத்தில்தான். கடற்கரை நமக்கு ஏறக்குறைய 250 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று அலட்சியமாக இருக்க முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. ஏறி, நகராமல் அங்கேயே நின்று, அப்புறம் மெதுவாக உள்ளே நகர்ந்தது. பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. எங்களுக்கு அவ்வளவு இல்லை. ஆனால் மூன்று நாள் விடாத தூறல், முழுக்க மூடிய வானம். பழுத்த ராகிக்கு அதுவே போதும்.

பள்ளத்தில் தண்ணீர் வடிய ஐந்து நாள் ஆயிற்று. டயர் வண்டிக்காரர் வரப்பில் நின்று காலால் மண்ணை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல இறக்கினா ஜே.சி.பி. வெச்சுத்தான் தூக்கணும் சார்" என்று கிளம்பிவிட்டார். டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் பெல்ட் வண்டிக்குச் சொல்லி வைத்து, சேலம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒன்று எங்கள் முறைக்கு வந்து சேர இன்னும் இரண்டு நாள். மழை விட்டதும் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் ஒரே நாளில் வண்டி வேண்டியிருக்கிறது. வண்டி வேகமாக அறுக்கும்தான், ஆனால் வேகமாக வந்து சேராது. இதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

சரி, அறுத்து முடித்தாயிற்று. ஆறு குவின்டால் ராகி மூட்டையில் நிற்கிறது. டவுனில் கடைக்காரரிடம் ஒரு கைப்பிடி கொண்டுபோய் ஈரம் பார்க்கும் மீட்டரில் போட்டால் 18 சதவீதம் என்கிறது. அரசுக் கொள்முதலுக்கு ராகியில் ஈரம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நெல்லுக்கு 17 வரை விடுகிறார்கள். ராகிக்கு அந்தச் சலுகை கிடையாது. 18-லிருந்து 12-க்கு இறங்க வேண்டுமென்றால் ஒரு குவின்டாலிலிருந்து ஏறக்குறைய ஏழு கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும். ஆறு குவின்டாலுக்கு 41 லிட்டர். மூன்று குடம் தண்ணீர்! அதை வெயில்தான் குடிக்க வேண்டும். டிசம்பர் இரண்டாம் வாரத்தில், புயலுக்குப் பின், ஆனேக்கலில் வெயிலுக்கு எங்கே போவது?

இன்னொரு சிக்கல் ராகி மணியின் அளவு. ஒரு கிராமில் முந்நூறு மணிக்கு மேல் இருக்கும். அவ்வளவு பொடி என்பதால், குவித்தால் நடுவே காற்றுப் போக இடமே கிடையாது. நெல் குவியலுக்குள் கை விட்டால் உள்ளே கொஞ்சம் சலசலப்பு இருக்கும். ஈர ராகிக்குள் கை விட்டால் மாவுக்குள் விட்டது மாதிரி அப்பிக்கொள்ளும். மறுநாள் காலை ஒரு மூட்டையைப் பிரித்துக் கை விட்டேன். உள்ளே இளஞ்சூடு. என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, மொட்டை மாடிக்குத் துடைப்பம் எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து ஐந்து நாள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே வேலை: காலையில் தார்ப்பாய் விரி, விரலளவு கனத்தில் பரப்பு, மணிக்கு ஒரு தரம் காலால் உழு, தூறல் விழுந்தால் ஓடு, சாயங்காலம் அள்ளு. நான் லேப்டாப்பை மாடிப்படியில் வைத்துக்கொண்டு மீட்டிங்கில் இருந்தபடியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஐந்து நாள் உழைப்பு மச்சானின் 6,400 ரூபாய்க் கணக்கில் எங்கேயும் இல்லை.

கடைசியில் காய்ந்தது. ஆனால் நிறம் மங்கிவிட்டது, லேசாகப் பூஞ்சை வாசம். அந்த வருடம் அரசு அறிவித்த ஆதார விலை குவின்டாலுக்கு 4,290 ரூபாய். எங்கள் பள்ளத்து ராகிக்கு உள்ளூர் வியாபாரி சொன்னது 3,200.

இப்போது மேட்டுக்கு வருவோம். புயல் வருகிறது என்று செய்தியில் சொல்ல ஆரம்பித்ததும் மாமா பதறவில்லை. நவம்பர் 25, 26 இரண்டு நாளும் அறுப்பு. அறுத்ததை வரிசையாகக் கிடத்தி இரண்டு நாள் காயவிட்டு, 28-ம் தேதி கட்டுக் கட்டிப் போர். அடியில் கல் அடுக்கி, மேலே விறகும் காய்ந்த செடியும் பரப்பி, அதன்மேல் கட்டுகளை வட்டமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். கதிர் உள்பக்கம், தாளின் அடி வெளிப்பக்கம். வெளிப்பக்கம் எப்போதும் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் மேலே விழும் மழை தாள் வழியாகவே வழிந்து வெளியே போகும். கன்னடத்தில் மெதெ என்பது இதைத்தான். கடைசியில் கூம்பாகக் குறுக்கி, உச்சியில் தாளையே கூரைபோல வேய்ந்து முடித்தார்கள். தார்ப்பாயை நான்தான் என் பயத்துக்கு உச்சியில் மட்டும் போட்டேன். முழுசாக மூடப் போனவனை மாமா தடுத்துவிட்டார். "மூச்சு விடணும் மாப்பிள்ளை. மூடினா உள்ளேயே வேர்த்துப் போயிடும்."

மழை மூன்று நாள் பெய்தது. போர் நின்றது. நான்காம் நாள் மாமா ஒரு நீளக் கம்பியைப் போரின் வயிற்றில் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, நுனியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இல்லை. அவ்வளவுதான், அப்புறம் பொங்கல் வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் போகவில்லை.

என் கணக்கு நிற்பது இந்த இடத்தில்தான். வண்டியில் அறுப்பும் அடிப்பும் ஒரே வேலை. நின்ற பயிர் ஒரு மணி நேரத்தில் மூட்டையாகிவிடுகிறது. அந்த நிமிடத்திலிருந்து அது வெயில் கேட்கிறது. போரில் அந்த இரண்டு வேலைக்கும் நடுவே ஒன்றரை மாதம் இடைவெளி. நவம்பர் மேகத்தில் அறுத்ததை ஜனவரி வெயிலில் அடிக்கலாம். ராகி கதிரோடு இருக்கும்வரை, மேலே நனையாமல் காற்றும் கொஞ்சம் புகுந்தால், தானாகவே காய்கிறது. மணியைப் பிடித்திருக்கும் உமியும் தளர்ந்துவிடுவதால் அடிப்பதும் சுலபம். பொங்கல் கழிந்து அடித்தபோது ஒன்றரை ஏக்கரில் 13 குவின்டால். மீட்டர் 11 சொச்சம் காட்டியது. மாடியில் ஒரு நாள்கூடப் பரப்பவில்லை.

ஏக்கருக்கு மேட்டில் ஏறக்குறைய எட்டே முக்கால் குவின்டால், பள்ளத்தில் ஆறு. இந்த வித்தியாசம் முழுவதையும் வண்டி தலையில் கட்டுவது நியாயமில்லை. பள்ளத்துப் பயிர் மழையைத் தின்றது, மேட்டுப் பயிர் தப்பித்தது. படுத்த கதிரை வண்டி எட்டிப் பிடிக்காமல் விட்டது பாதி என்றால், மழையில் உதிர்ந்தது மீதி இருக்கும். ஒரு அறுப்பை வைத்து அதற்குமேல் பிரித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இனி அரிவாள் எங்களைக் கவிழ்த்த கதை. 2021 நவம்பர். அந்த மாதம் கர்நாடகம் முழுக்கப் பேய்மழை. எங்கள் வயலில் அறுத்துக் கிடத்தி ஒரு நாள்தான் ஆகியிருந்தது, கட்டவில்லை. அன்று இரவு பிடித்த மழை நான்கு நாள் விடவில்லை. நின்ற பயிராக இருந்திருந்தால் பாதியாவது தேறியிருக்கும். தரையில் கிடந்த கதிர் நனைந்து, மண்ணோடு ஒட்டி, பச்சையாக முளைவிட்டது. பெங்களூரில் ராகி மால்ட்டுக்கு ஊறவைத்துத் துணியில் முடிந்து வைப்போமே, ஒரே நாளில் முளை எட்டிப் பார்க்கும். அதையே வானம் ஒன்றரை ஏக்கரில் செய்துவிட்டுப் போனது. தேறியதைக் காயவைத்து அரைத்துக் களி கிண்டினால் உருண்டை பிடிக்கவில்லை, தட்டில் தளர்ந்து பரவியது. முளைத்த தானியத்தில் மாவுச்சத்து உடைந்துவிடும் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்தத் தட்டில்தான்.

ஆகவே அரிவாளின் ஆபத்து முழுவதும் அறுத்ததற்கும் கட்டுவதற்கும் நடுவில் உள்ள அந்த இரண்டு நாளில் இருக்கிறது. வானிலை அறிவிப்பில் நான்கு நாள் தெளிவாகக் கிடைக்காவிட்டால் கிடத்தவே கூடாது. அந்த மாதிரி நேரத்துக்குப் பழைய முறை ஒன்று உண்டு: தாளை நிற்கவிட்டுக் கதிரை மட்டும் கொய்து வீட்டுக்குள் கொண்டுவந்து பரப்புவது. இடம் குறைவாகப் பிடிக்கும், முளைக்காது. நாங்கள் 2021-க்குப் பிறகு ஒரே ஒரு முறை, கால் ஏக்கருக்கு மட்டும் செய்து பார்த்தோம். பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் கூலி ஏறக்குறைய இரட்டிப்பு. முழு நிலத்துக்குத் தாங்குமா என்று கேட்டால் எங்கள் அனுபவம் அவ்வளவு தூரம் போகவில்லை. கையால் தள்ளிப் போகும் ரீப்பர் பக்கத்து நிலத்தில் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அறுத்து ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. நின்ற பயிருக்கு நன்றாகத்தான் தெரிந்தது. படுத்த பயிரில் அதை யாரும் இறக்கவில்லை.

புல் (ராகித் தாளைத்தான் சொல்கிறேன்) விஷயம் சுருக்கமாக. மாமாவிடம் இரண்டு மாடு. மேட்டுப் போரிலிருந்து மூன்று டிராக்டர் புல் கிடைத்தது, அடுத்த மழைக்காலம் வரைக்கும் கவலை இல்லை. பள்ளத்தில் வண்டி ஒரு அடிக்கு மேலே வெட்டிவிட்டு, வெட்டியதை நசுக்கிச் சேற்றில் துப்பிவிட்டுப் போயிருந்தது. ஈரத்தில், புல்லைக் கட்டாக்கும் பேலர் மிஷினும் இறங்காது. மாடுகளை அவிழ்த்துவிட்டோம். முகர்ந்து பார்த்துவிட்டு வரப்பில் இருந்த அருகம்புல்லுக்குப் போய்விட்டன. மாடு இல்லாத வீட்டுக்கு இது பெரிய நஷ்டமாகத் தெரியாது. எங்களுக்கு அது ஒரு டிராக்டர் புல் விலை.

வண்டி எங்கே சரி என்றும் சொல்ல வேண்டும். ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவர் எங்களைப் போல ஆறு அக்காக்களை நம்பி உட்கார முடியாது. நல்ல சிமெண்டுக் களமோ பெரிய கொட்டகையோ உள்ளவருக்கு என்னுடைய 41 லிட்டர் புலம்பல் அவ்வளவாகப் பொருந்தாது. வானம் திறந்து, பயிர் நிமிர்ந்து நிற்கும் வருடத்தில் வண்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. களம் இல்லாமல் தார்ரோட்டில் கதிரைப் பரப்பி, கார்களை ஏறவிட்டு அடிப்பதைவிட வண்டி எவ்வளவோ மேல். அந்த ராகியில் பொடிக்கல் பல்லைப் பதம் பார்க்கும், பைக்கில் வருகிறவன் வழுக்கி விழுவான்.

2025-26 சீசனுக்கு அறிவித்த ஆதார விலை 4,886. அடுத்த அறுப்பில் பள்ளத்தையும் ஆள் விட்டே அறுப்பது என்று மாமா முடிவு செய்துவிட்டார். நவம்பர் மூன்றாம் வாரத்துக்கு அக்காக்களிடம் இப்போதே சொல்லி, ஆளுக்கு 500 முன்பணமும் கொடுத்தாயிற்று. மச்சான் மட்டும் பெல்ட் வண்டிக்காரர் நம்பரைப் பத்திரமாக வைத்திருக்கிறார். வைத்துக்கொள்ளட்டும், நானும் அழிக்கச் சொல்லவில்லை.