வீட்டுப் பயிற்சிக்கு ரப்பர் பட்டையா, டம்பெல்லா? என் ஓட்டு வார்ப்பிரும்புக்கு

தசைக்குப் பயிற்சி தர அதிகச் செலவில்லாமல் வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று தேடினால், கடைசியில் நான்குதான் மிஞ்சும்: ரப்பர் பட்டை, சிமெண்ட் அடைத்த பிளாஸ்டிக் டம்பெல், வார்ப்பிரும்புத் தட்டு மாட்டும் டம்பெல், கையில் பிடித்துச் சுழற்றும் மரக் கர்லாக்கட்டை. நான் வாங்கியது மூன்றாவது. மறுபடி வாங்க நேர்ந்தாலும் அதையேதான் வாங்குவேன். ட்ரெட்மில்லை இங்கே சேர்க்கவில்லை. நடக்கத் தெருவும் மொட்டை மாடியும் இருக்கின்றன. ஆனால் நடை மட்டும் போதாது. வயதுவந்தவர்கள் வாரத்தில் 2 நாளாவது தசையை வலுவாக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது.

ரப்பர் பட்டை விலை குறைவு, பையில் அடங்கும், கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாது. வெளியூர் அதிகம் போகிறவர்களுக்கும், மூட்டு வலிக்குப் பயிற்சி எடுக்கும் பெரியவர்களுக்கும் அதுதான் சரி. குறை என்னவென்றால், இழுக்க ஆரம்பிக்கும்போது லேசாக இருக்கும், இழுக்க இழுக்கத்தான் இறுகும். இன்று எத்தனை கிலோ தூக்கினோம் என்ற கணக்கு கைக்கு வராது. கதவில் மாட்டி இழுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: இழுக்கும் திசையில் கதவு திறக்கக் கூடாது, மூடிக்கொள்ள வேண்டும். வெயிலும் வியர்வையும் எண்ணெயும் லேடக்ஸுக்கு ஆகாது. மாடிக் கொடியில் தொங்கவிட்டால் சீக்கிரமே மயிரிழை விரிசல் விழும். அறுந்தால் முகத்தில் அடிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் விரல்விட்டுத் தடவிப் பார்த்த பிறகே இழுக்க வேண்டும்.

சிமெண்ட் டம்பெல்லைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கான்கிரீட்டைவிட வார்ப்பிரும்பு ஏறக்குறைய மூன்று மடங்கு அடர்த்தியானது. அதே 5 கிலோவுக்குச் சிமெண்ட் தட்டு அவ்வளவு தடிமனாக வரும், கம்பியில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். கைதவறி ஓரமாக விழுந்தால் உறை கிழிந்து தூள் கொட்டும். ஒட்டுப்போட்டு ஓட்டலாம், அவ்வளவுதான்.

வார்ப்பிரும்பு துருப்பிடிக்குமே என்பார்கள். பிடிக்கும்தான், அதுவும் கடற்கரைப் பக்கத்து வீடென்றால் கட்டாயம் பிடிக்கும். என் தேர்வை முடிவு செய்ததே இந்தப் பராமரிப்புதான். ஏனென்றால் நான்கில் இதன் பழுதை மட்டும்தான் வீட்டிலேயே முழுதாகச் சரிசெய்ய முடிகிறது. பயிற்சி முடிந்ததும் வியர்வையை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். வியர்வையின் உப்புதான் துருவுக்கு வழி திறக்கிறது. கம்பியின் மரையில் சேரும் தூசியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தட்டில் துரு ஏறிவிட்டால் உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு ஒரு கோட், அது காய்ந்ததும் கறுப்பு எனாமல் ஒரு கோட். ஜன்னல் கம்பிக்குச் செய்வதேதான். தட்டு பழையபடி ஆகிவிடும், எடையில் சொல்லும்படியான குறைவும் இருக்காது. வெடித்த ரப்பருக்கும் உடைந்த சிமெண்டுக்கும் இப்படியொரு வழி கிடையாது.

விற்பதிலும் இதே கதைதான். இரும்புத் தட்டைப் பழசாக வாங்குபவரும் கிலோ கணக்கில்தான் பேசுவார், ஏனென்றால் பழசானாலும் 5 கிலோ 5 கிலோதான். யாருமே வாங்காவிட்டாலும் காயலான் கடையில் எடை போட்டுக் காசு தருவார்கள். சிமெண்ட் தட்டை அங்கே தொடக்கூட மாட்டார்கள்.

கர்லாக்கட்டை தோளுக்கும் மணிக்கட்டுக்கும் அருமையான பயிற்சி. இந்தியாவில் பார்த்து ஆங்கிலேயர்கள் கொண்டுபோன கட்டைச் சுழற்சி, 1904, 1932 ஒலிம்பிக் போட்டிகளில் இடம்பெற்றது. நான் கொஞ்சம் சுழற்றிப் பார்த்ததோடு சரி, வாத்தியாரிடம் முறையாகப் பழகவில்லை. எனவே அதை இரும்புக்கு மேல், கீழ் என்று தரம்பிரிக்க எனக்குத் தகுதியில்லை. தாழ்வான மின்விசிறி உள்ள அறையில் வேண்டாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

இரும்பென்று முடிவு செய்தால், தட்டின் துளையும் கம்பியின் பருமனும் பொருந்துகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள். ஜிம்களில் உள்ள ஒலிம்பிக் தட்டின் துளை 50 மி.மீ., வீட்டுக் கம்பிகள் அதில் பாதியளவுதான். வார்ப்பில் எடை முன்னே பின்னே இருக்கும் என்பதால் தராசில் வைத்து ஜோடி சேருங்கள். நட்டில் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், இல்லையேல் சுழன்று கழன்றுவிடும். டைல்ஸ் தரைக்குத் தடித்த ரப்பர் பாய் ஒன்று அவசியம். தொடக்கத்துக்கு இரண்டு கம்பி, நான்கு 2.5 கிலோ தட்டு, நான்கு 1.25 கிலோ தட்டு போதும். 5 கிலோ தட்டுகளைக் கை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.